தொடக்கநிலை வகுப்பறையில் இணையத் தொழில்நுட்பம்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் பன்மொழிச் சூழலில் தமிழ் கற்பித்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொடக்கப்பள்ளிகளில் இணைய வழியிலான கற்பித்தல் வளங்கள் பெருகி வருகின்றன. இவ்வளங்களுள் பெரும்பாலானவை, குழந்தை தமிழைக் கேட்டும் பேசியும் பழகிய பின்னரே பள்ளிக்கு வருகிறது என்னும் எண்ணத்தின்மீது அமைந்தவை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழிற்பகுதியில் இவ்வெண்ணம் எல்லா வகுப்பறைகளுக்கும் பொருந்துவதில்லை. உருதுவையோ தெலுங்கையோ வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகள் இங்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். இக்குழந்தைகள் எதிர்கொள்ளும் ஒலி, எழுத்து, இலக்கண இடர்ப்பாடுகளை எடுத்துக்காட்டி, அவற்றைக் களைய இணையத் தொழில்நுட்பத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும், அதன் எல்லைகள் எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் கல்வி, இணையத் தொழில்நுட்பம், இரண்டாம் மொழி கற்பித்தல், உருது, தெலுங்கு, ஆம்பூர், எண்ணும் எழுத்தும்

முன்னுரை

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் சரளமாக வாசிக்கப் பழகாத குழந்தைக்கு, அதற்குப் பின்வரும் பாடங்கள் அனைத்தும் சுமையாகின்றன. அறிவியலும் கணக்கும் சமூக அறிவியலும் வாசிப்பின் வழியே கற்கப்படுபவை என்பதால், மொழிப்பாடத்தில் ஏற்படும் பின்னடைவு ஏனைய பாடங்களையும் தாக்குகிறது. ஆகவே தொடக்கநிலை வகுப்பறையில் இணையத் தொழில்நுட்பத்தின் பயனை மதிப்பிடும்போது, எத்தனை காணொலிகள் காட்டப்பட்டன என்பதைவிட, வாசிப்பில் பின்தங்கிய குழந்தை அதனால் முன்னேறியதா என்பதே முதன்மையான வினாவாகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத குழந்தைகள் கணிசமாகப் பயிலும் பகுதியில் இவ்வினாவிற்கான விடையை வீட்டுமொழியிலிருந்தே தேடவேண்டியுள்ளது.

1. பகுதியின் மொழிச்சூழல்

பாலாற்றையும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையையும் ஒட்டி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் வேரூன்றியுள்ளன. முன்னர் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை.

தமிழ் பேசுவோருடன் உருது பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் இவ்வூர்களில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். இங்கு வீடுகளில் வழங்கும் உருது பெரும்பாலும் தக்கினி வகையைச் சார்ந்தது. ஆந்திர எல்லைக்கு அண்மையில் இருப்பதால் தெலுங்கும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூரும் வட ஆர்க்காட்டின் பகுதியாகவே இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளும் இப்பகுதியில் இயங்குகின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பு தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டத்தின் நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், தமிழை வீட்டில் கேளாத குழந்தைக்குத் தமிழைக் கற்பிக்கும் முறை தனியே வகுக்கப்பட வேண்டும். தாய்மொழியாகத் தமிழைப் பேசும் குழந்தைக்கென எழுதப்பட்ட பாடத்தை அப்படியே அக்குழந்தைக்கும் நடத்துவதால் அந்நோக்கம் நிறைவேறாது.

2. கற்றல் இடர்ப்பாடுகள்

2.1 ஒலியும் எழுத்தும்

உருதுவில் ழகரமும் ளகரமும் ணகரமும் தனித்தனி ஒலியன்களாக இல்லை. எனவே கலை, களை, கழை என்னும் மூன்று சொற்களும் உருது வீட்டுக் குழந்தையின் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிக்கக்கூடும். மனம், மணம் ஆகியவற்றிலும் இந்நிலையே. செவி வேறுபடுத்தாத ஒலியை நாவு வேறுபடுத்துவதில்லை. நாவு வேறுபடுத்தாததைக் கையும் எழுத்தில் வேறுபடுத்துவதில்லை. குழந்தையின் எழுத்துப்பிழையாகத் தோன்றுவது பெரும்பாலும் செவிப்பயிற்சியின் குறைவேயாகும்.

எ – ஏ, ஒ – ஓ என்னும் குறில் நெடில் வேறுபாடு தமிழிலும் தெலுங்கிலும் பொருளை வேறுபடுத்துவது. உருதுவில் அது பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆகவே எடு – ஏடு, கொடு – கோடு போன்ற இணைச்சொற்கள் உருது வீட்டுக் குழந்தைக்குத் தனிப்பயிற்சியை வேண்டுவன. தெலுங்கு வீட்டுக் குழந்தைக்கு இவ்வேறுபாடு பழக்கமானது. ளகர, ணகரங்களும் பழக்கமானவை. ஆனால் இக்காலத் தெலுங்கில் ழகரம் வழக்கில் இல்லாமையால் அவ்வொலி மட்டும் புதியது.

தமிழில் ககரம் ஒன்றே அக்கா, தங்கம், பகல் ஆகிய சொற்களில் இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறது. உருதுவிலும் தெலுங்கிலும் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. எழுத்துக்கு ஓரொலி என்று பழகிய குழந்தை, தமிழில் சொல்லின் இடத்தை நோக்கி ஒலியை முடிவுசெய்ய வேண்டியுள்ளது. மேலும் உருது எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. உருதுவை முன்பே எழுதப் பழகிய குழந்தை, ஏட்டைத் திறக்கும் பக்கத்தையும் கண் செல்லும் திசையையும் தமிழுக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

2.2 திணையும் பாலும்

சொல்வரிசையைப் பொறுத்தவரை பெரும் இடர்ப்பாடு இல்லை. தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்றிலும் வினைமுற்று தொடரின் இறுதியிலேயே நிற்கிறது. வேறுபாடு வினைமுற்றின் விகுதியில் தோன்றுகிறது. உருதுவின் ‘வோ’ என்னும் சுட்டுப்பெயர் அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. உயிரற்ற பொருள்களும் அம்மொழியில் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ கொள்ளப்படும். ‘கிதாப்’ என்னும் நூல் பெண்பால், ‘கலம்’ என்னும் எழுதுகோல் ஆண்பால். தமிழின் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு அக்குழந்தைக்குப் புதிய உலகப் பார்வையாகவே அமைகிறது.

தெலுங்கில் ஒருமையில் பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றே. ‘வச்சிந்தி’ என்னும் சொல் வந்தாள் என்றும் வந்தது என்றும் பொருள்படும். எனவே தெலுங்கு வீட்டுக் குழந்தை ‘அம்மா வந்தது’ என்று எழுதுமாயின் அது கவனக்குறைவன்று. தன் வீட்டு மொழியின் இலக்கணத்தை அக்குழந்தை பிழையின்றிப் பின்பற்றியிருக்கிறது. வடதமிழகப் பேச்சுவழக்கில் ‘அம்மா வந்துச்சு’ என்பது இயல்பாக வழங்குவதால், தெருவில் கேட்கும் தமிழும் இப்பிழைக்கு வலுச்சேர்க்கிறது. இக்காரணத்தை அறிந்த ஆசிரியர் திருத்தும் முறையும் அறியாத ஆசிரியர் திருத்தும் முறையும் ஒன்றாக இருக்க முடியாது.

3. அட்டை வழிக் கற்றலும் குரல் வழிக் கற்றலும்

ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கவேண்டும் என்னும் கொள்கை இணையத்தோடு வந்ததன்று. இப்பகுதிக்கு அண்மையில், மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப்புறப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்ட கற்றல் அட்டைகள் அக்கொள்கையின் முன்னோடி வடிவங்களுள் குறிப்பிடத்தக்கவை. தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஏணிப்படிபோல் அடுக்கப்பட்ட அட்டைகளுள் தனக்குரியதைக் குழந்தையே எடுத்துச் செய்தது.

அட்டைக்கு ஒரு குறை இருந்தது. அதற்குக் குரல் இல்லை. தமிழை வீட்டில் பேசும் குழந்தை அட்டையிலுள்ள படத்தைக் கண்டதும் சொல்லைத் தானே கூறிவிடும். வேற்றுமொழி வீட்டுக் குழந்தைக்கு அச்சொல்லை யாரேனும் ஒலித்துக் காட்டவேண்டும். அதுவும் பலமுறை ஒலித்துக் காட்டவேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் இஃது இயலாது. சலிப்பின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும் குரலே இணையத் தொழில்நுட்பம் இவ்வகுப்பறைக்குத் தரக்கூடிய முதன்மையான கொடையாகும்.

2022 ஜூன் மாதத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளை அவர்களது கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிக்க வழிசெய்தது. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டன என்பதால் அத்திட்டம் காலத்தின் தேவையாயிற்று. எனினும், நீண்ட நாள் பள்ளிக்கு வராமையால் பின்தங்கிய குழந்தையும், தமிழ்ச்சொற்களே அறியாமையால் பின்தங்கிய குழந்தையும் ‘அரும்பு’ என்னும் ஒரே குழுவில் அமர நேரும். முன்னதற்கு வேண்டுவது எழுத்துப்பயிற்சி. பின்னதற்கு அதற்கு முன்பே வேண்டுவது கேட்டலும் பேசலும். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆசிரியரின் பணியாகிறது.

4. கைவசமுள்ள இணைய வளங்கள்

தமிழ் கற்பித்தலுக்குரிய இணைய முயற்சிகளில் தமிழகத்திற்கு நீண்ட பட்டறிவு உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பெயர் மாறி, மழலைக் கல்விக்குரிய பாடல்களையும் பாடங்களையும் ஒலியோடு வழங்கி வருகிறது. வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளையும் கருத்திற்கொண்டு உருவான இவ்வளம், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் ஆம்பூர்க் குழந்தைக்கும் பொருந்துவது. அயலகத்திற்கென அமைந்த கற்பித்தல் முறை உள்ளூரிலேயே தேவைப்படுகிறது என்பதைக் கல்வியாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

2018–19ஆம் கல்வியாண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டு, 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளத்துடன் இணைக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அரசு தொடக்கப்பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை நிறுவும் திட்டமும் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டமும் அடுத்து வந்தன. இவற்றால் கருவிப் பற்றாக்குறை படிப்படியாகக் குறைகிறது. உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே இனி முன்னிற்கும் பணி.

பன்மொழி வகுப்பறைக்கு மிகவும் ஏற்ற வளம், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ஸ்டோரிவீவர் தளமாகும். இதில் ஒரே படக்கதை பல மொழிகளில் கிடைக்கிறது. தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்றிலும் உள்ள கதைகளையும் தேர்ந்தெடுக்கலாம். கதைகள் வாசிப்பு நிலைக்கேற்ப நான்கு படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுவதால் ஆசிரியர் அவற்றைத் தரவிறக்கவும் அச்சிடவும் மொழிபெயர்க்கவும் தடையில்லை. படமும் எழுத்தும் மட்டுமே உள்ள பக்கம் காணொலியைவிடக் குறைந்த தரவையே வேண்டுவதால், இணைய வேகம் குறைந்த சிற்றூர்ப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

5. வகுப்பறை நடைமுறை: ஒரு மாதிரிப்பாடம்

மேற்கூறிய வளங்களைக் கொண்டு இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பிற்கான ஒரு வாரப் பாடத்தைப் பின்வருமாறு அமைக்கலாம். இதற்கு ஆசிரியரின் ஒரு கருவியும் ஒரு சிறிய ஒலிபெருக்கியும் போதுமானவை.

முதல் நாள்: ஆசிரியர் முன்னரே தரவிறக்கி வைத்த படக்கதையின் படங்களை எழுத்தின்றிக் காட்டுகிறார். குழந்தைகள் தங்கள் வீட்டுமொழியிலேயே கதையை ஊகித்துச் சொல்கின்றனர். பின்னர் அக்கதையை உருதுவிலும் தெலுங்கிலும் மேல்வகுப்பு மாணவர் ஒருவரோ பெற்றோர் ஒருவரோ வாசித்த ஒலிப்பதிவு இயக்கப்படுகிறது. ஆசிரியருக்கு அம்மொழிகள் தெரியாவிடினும் பாடம் தடைப்படுவதில்லை. கதை முழுமையாக விளங்கிய பின்னரே தமிழுக்குச் செல்வது இம்முறையின் அடிப்படை.

இரண்டாம் நாள்: அதே படங்கள் தமிழ் வாசிப்புடன் காட்டப்படுகின்றன. பொருள் முன்பே தெரிந்தமையால் குழந்தையின் கவனம் முழுவதும் சொற்களின்மீது செல்கிறது. கதையில் வரும் எட்டு அல்லது பத்துச் சொற்கள் மும்மொழிச் சொற்பட்டியாகத் தொகுக்கப்படுகின்றன. தோல் என்பது தெலுங்கில் ‘தோலு’, உருதுவில் ‘சம்டா’. செருப்பு என்பது தெலுங்கில் ‘செப்பு’, உருதுவில் ‘ஜூதா’ என்பன போன்ற ஒப்பீடுகளைக் குழந்தைகளே தருவர். பெற்றோரின் தொழிலைச் சார்ந்த சொற்கள் பாடத்தில் இடம்பெறுவதால், வீட்டில் அறிந்தது பள்ளியிலும் மதிக்கப்படுகிறது என்னும் உணர்வு உண்டாகிறது.

மூன்றாம் நாள்: கதையிலிருந்து எடுத்த இணைச்சொற்களைக் கொண்டு செவிப்பயிற்சி நடைபெறுகிறது. ‘மனம்’, ‘மணம்’ என்னும் ஒலிப்பதிவுகளுள் ஒன்றைக் கேட்டுக் குழந்தை உரிய அட்டையை உயர்த்திக் காட்டவேண்டும். இப்பயிற்சியை எழுத்திற்கு முன் செய்வது இன்றியமையாதது.

நான்காம் நாள்: இருவர் இருவராகக் குழந்தைகள் ஒரு பக்கத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்கின்றனர். தன் குரலைத் தானே கேட்கும் குழந்தை, மாதிரி வாசிப்போடு அதனை ஒப்பிட்டு மீண்டும் வாசிக்க விரும்பும்போது அதற்கு இடமளிக்க வேண்டும். ‘அம்மா வந்தாள்’, ‘வண்டி வந்தது’ போன்ற தொடர்கள் இங்குத் திருத்தம் பெறுகின்றன.

ஐந்தாம் நாள்: கருவி அணைக்கப்படுகிறது. குழந்தைகள் கதையைத் தங்கள் சொற்களில் தமிழில் சொல்லி, படம் வரைந்து, இரண்டு தொடர்கள் எழுதுகின்றனர். அவை தைக்கப்பட்டு வகுப்பு நூலாகின்றன. திரையில் தொடங்கியது குழந்தையின் வாயிலும் கையிலும் முடியவேண்டும் என்பதற்காகவே இந்நாள்.

6. கருவிகளின் எல்லைகள்

வாசிப்பைக் கேட்டுப் பிழை சுட்டும் செயலிகள் இன்று தமிழிலும் உருதுவிலும் உள்ளன. கூகுளின் ரீட் அலாங் செயலியைக் கொண்டு 2022இல் தமிழகத்தில் வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. தனியே வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்த இத்தகைய செயலிகள் உதவுகின்றன. ஆனால் ஒலிப்புத்திருத்தத்திற்கு அவற்றை முற்றிலும் நம்புதல் தகாது. பேச்சறி தொழில்நுட்பம், கேட்ட ஒலியோடு அடுத்து வரக்கூடிய சொல் எது என்னும் ஊகத்தையும் சேர்த்தே முடிவெடுக்கிறது. எனவே குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று ஒலித்தாலும், தொடரின் சூழலைக் கொண்டு ‘பழம்’ எனவே அது ஏற்றுக்கொள்ளக்கூடும். மறுதலையாக, குழந்தையின் மென்குரலையும் வட்டார ஒலிப்பையும் சரியாக அறியாமல், பிழையற்ற வாசிப்பைப் பிழையென்று காட்டவும் கூடும். ழகரத்தைக் கேட்டறியும் பொறுப்பு ஆசிரியரின் செவிக்கே உரியது.

எழுத்துருவும் கவனத்திற்குரியது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபின்னும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பயிற்சித்தாள்கள் ஆசிரியர்களிடையே சுற்றிவருகின்றன. அவற்றை வேறொரு கருவியில் திறந்தால் எழுத்துகள் சிதைகின்றன. உருதுவிற்கு நஸ்தலீக் வடிவமே குழந்தைகள் ஏட்டில் காண்பது. சில கருவிகள் அதனை நஸ்க் வடிவத்தில் காட்டுவதால் தொடக்கநிலைக் குழந்தைக்கு வாசிப்பு கடினமாகிறது. பாடத்திற்கு முன் ஆசிரியர் இவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்.

குழந்தைகளின் குரலும் படமும் அவர்களது உடைமை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. வகுப்பறை ஒலிப்பதிவுகளைப் பொதுத்தளங்களில் பகிராமல், பயிற்சி முடிந்தபின் அழித்துவிடுவதே நல்ல வழக்கம்.

7. வீடும் கைப்பேசியும்

இணைய வழிப் பாடத்தை வீட்டிலும் தொடரலாம் என்னும் பரிந்துரை இப்பகுதியில் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது. உள்ளூரில் ‘ஷூ கம்பெனி’ என வழங்கும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்துத் தரும் பெண்களும் உள்ளனர். வீட்டின் ஒரே கைப்பேசி வேலைக்குச் செல்பவரோடு சென்றுவிடும் குடும்பத்தில், பகலில் செய்யவேண்டிய இணையப் பயிற்சி நடைபெறாது. அதனைக் குழந்தையின் அக்கறையின்மையாகப் பதிவுசெய்தல் நேர்மையாகாது.

மாறாக, மாலையில் ஐந்து நிமிடம் கேட்கத்தக்க குறுகிய ஒலிப்பதிவை அனுப்பலாம். தாய் வேலைக்கிடையிலும் கேட்கலாம். எழுத்தறியாத தாயும் கேட்கலாம். வீட்டுமொழியில் ஒரு கதையைச் சொல்லிப் பதிவுசெய்து தருமாறு கேட்பது இன்னும் சிறந்தது. அந்தப் பதிவே மறுவாரத்தின் முதல் நாள் பாடமாகும். பள்ளியிலிருந்து வீட்டிற்கு மட்டும் சென்ற கல்வி இவ்வாறு வீட்டிலிருந்து பள்ளிக்கும் வருகிறது.

முடிவுரை

வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் தொடக்கநிலை வகுப்பறை, தமிழைத் தாய்மொழியாகவும் இரண்டாம் மொழியாகவும் ஒரே வேளையில் கற்பிக்க வேண்டிய இடமாகும். இங்கு இணையத் தொழில்நுட்பம் மூன்று பணிகளைச் செய்ய வல்லது: சலிப்பின்றி ஒலிக்கும் குரலைத் தருதல், ஒரே கதையை வீட்டுமொழியிலும் தமிழிலும் அருகருகே வைத்தல், குழந்தையின் குரலை அதற்கே திரும்பக் கேட்பித்தல். பிழையின் காரணத்தை அறிதலும், ஒலிப்பைத் திருத்துதலும், குழந்தையின் வீட்டுநிலையை உணர்தலும் ஆசிரியரின் பணிகளாகவே நிற்கின்றன.

எனவே ஆசிரியர் பயிற்சித் திட்டங்களில் கருவியை இயக்கும் பயிற்சியோடு, தமிழ் – உருது, தமிழ் – தெலுங்கு ஒப்பீட்டு இலக்கணத்தின் அடிப்படைகளும் இடம்பெறுதல் வேண்டும். ‘அம்மா வந்தது’ என்று எழுதிய குழந்தையிடம் இன்னொரு மொழியின் இலக்கணம் இருக்கிறது என்பதை அறிந்த ஆசிரியரின் கையிலேயே இக்கருவிகள் பயன்தருவனவாகும்.